சகாயராணிக்காக நான் எழுதிய கடிதம்

ஃபஹீமா இன்னும் ஐந்தாவது ஸ்லைடிலேயே நிற்கிறாள். மொத்தம் பதினான்கு என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அவளுக்குப் பிறகு ஜெரால்டு, ஜெரால்டுக்குப் பிறகு நான். வகுப்பு நான்கு மணிக்கு முடியும், இப்போது இரண்டு ஐம்பது. அவள் இதே வேகத்தில் போனால் என் முறை வராமலே போகலாம். வராமல் போனால் நல்லது என்று நினைக்கிறேன், நினைத்த உடனே அதில் நல்லது ஒன்றும் இல்லை என்றும் தெரிகிறது, ஏனென்றால் நான் இங்கே பேசுவதற்கும் பேசாததற்கும் நாளை காலை கம்பெனியில் நடக்கப்போவதற்கும் சம்பந்தமில்லை. சகாயராணி அக்காவுக்கு நாளை பதினோரு மணிக்கு என்கொயரி. காலை ஏழு இருபதுக்கு அவர் அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டுவிட்டேன், பேருந்தில் ஒருமுறை, கல்லூரி வாசலில் ஒருமுறை, கழிப்பறையில் ஒருமுறை. பின்னால் யாரோ பால் பாக்கெட் போடுகிற சத்தம், அதற்கு மேல் அவர் குரல். “மேடம், நான்தான் சகாயராணி பேசுறேன். நீ எழுதிக் குடுத்தியே ஒரு லெட்டரு, அத எடுத்து வச்சிக்கினு நீயே ஒத்துக்கினு கையெழுத்து போட்டிருக்கல்லன்றாங்க. வேலய விட்டுத் தூக்கிருவாங்க போலக்குது. நீ வந்து இன்னா நடந்துச்சுன்னு சொல்லுவியா? சும்மா நடந்தத சொன்னாப் போதும்.” மேடம் என்று கூப்பிட்டுவிட்டு நீ என்று பேசுவார், தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும், அந்த மைக் குறி நீலமாகியிருக்கும். ஏழரை மணி நேரமாக அது அங்கே நீலமாக இருக்கிறது.

நடந்ததைச் சொன்னால் போதும். நடந்தது என்ன? இதைத்தான் காலையிலிருந்து ஒழுங்காக வரிசைப்படுத்திப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். போன அக்டோபர். நான் அங்கே மூன்று மாதப் பயிற்சியில் மொழிபெயர்ப்பாளர். கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி, மேலே கொரியாக்காரர்கள், கீழே நம் ஆட்கள், நடுவில் ஒரு நீலச் சட்டை போட்டுக்கொண்டு நான். அக்கா நான்காவது லைனில் கடைசி ஆள், சரிபார்க்கிற வேலை. ஒயரை ஒரு பலகையில் பொருத்தினால் பச்சை விளக்கு எரியவேண்டும், எரிந்தால் பெட்டியில் போடவேண்டும். நாற்பது ஒயர் கட்டு தவறான இணைப்போடு வெளியே போய்த் திரும்பி வந்தன. மூன் சார் அக்காவைக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் பூஜாங் என்பார்கள், துறைத் தலைவர் என்று அர்த்தம், பாதிப் பேர் அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. ஒரு சிமால்சோ எழுதித் தரச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிமால்சோ என்றால் நடந்த தவறை முதலிலிருந்து கடைசிவரை எழுதி, குற்றத்தை முழுக்கத் தன் மேல் போட்டுக்கொண்டு, கையெழுத்திட்டு, இரண்டு கையாலும் மேலதிகாரியிடம் நீட்டுகிற கடிதம். அதைப் பற்றி ஒரு வாரம் முன்புதான் வகுப்பில் படித்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இதைச் சொல்லியாக வேண்டும், பாடத்தில் வந்தது நேரில் வந்துவிட்டதே என்ற சந்தோஷம்.

கேன்டீனில் கடைசி மேசையில் உட்கார்ந்து எழுதினோம். நான் கொரிய மொழியில் எழுதினேன், அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். “மொதல்ல அந்த வெளக்கு விஷயத்த எழுது மேடம்” என்றார். என்ன விளக்கு என்று கேட்டேன். “மூணு நாளாப் பச்ச வெளக்கு சும்மாச் சும்மா எரியுது. ஒயர் வைக்காமலே எரியுது. நான் லீடர்கிட்ட சொன்னேன், அவரு பாக்கலாம் பாக்கலாம்னாரு. யாரும் வரல.” நான் பேனாவை வைத்துவிட்டு விளக்கினேன். மிகவும் பொறுமையாக விளக்கினேன். அக்கா, அவங்க ஊர்ல இந்த மாதிரி லெட்டர்ல காரணம் எழுதினா சாக்குச் சொல்ற மாதிரி ஆயிடும், அவருக்குக் கோபம் கூடும். எல்லாம் என் தப்புன்னு எழுதிட்டா அவரே இறங்கி வந்துருவார். அதோட முடிஞ்சுரும். “அப்ப வெளக்கு?” என்றார். அதை நான் வாயால சொல்லிடறேன்க்கா. “சொல்லுவியா?” சொல்றேன். பிறகு, “நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா” என்று சிரித்தார். “என் தங்கச்சி மாதிரி இருக்க. ஆனா அது இப்படி அமைதியாப் பேசாது, அடிக்கும்.” நானும் சிரித்தேன். அடியில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார், சகாயராணி, ணி மட்டும் கொஞ்சம் பெரிதாக. விளக்கைப் பற்றி நான் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவை வரவில்லை என்று அன்று நினைத்தேன். இந்த இடம்தான். வரிசைப்படுத்தினால் இந்த இடத்தில்தான் மாட்டுகிறது.

எல்லோரும் சிரிக்கிறார்கள். ஃபஹீமா ஏதோ ஒரு தொடரிலிருந்து சிறு காட்சியைப் போட்டிருக்கிறாள், மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் மிகுந்த மரியாதைச் சொற்களால் திட்டிக்கொள்கிறார்கள். பேராசிரியர் ஹான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிறார். நானும் ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கிறேன். அருகில் ஜெரால்டு என் நோட்டில் எழுதுகிறான், இது எங்க பெரியம்மா வீடு. அவனுக்கு எதுவும் கஷ்டமில்லை. அவன் அப்பா வங்கியில் இருந்தவர், அம்மா ஆசிரியை, அவன் கொரிய மொழி படிக்கிறேன் என்றபோது வீட்டில் பிடிச்சதப் படி என்றார்களாம். எங்கள் வீட்டில் இந்தப் படிப்பின் பெயரைச் சொல்லி முடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. கொரிய மொழி, பண்பாடுகளுக்கிடையே தொடர்புகொள்ளும் முறை, மொழியியல், மூன்றும் சேர்ந்த முதுகலை. அப்பா கேட்டுவிட்டு, “சரி, இது முடிச்சா என்னான்னு போடுவாங்க?” என்றார். பெயருக்குப் பின்னால் என்ன எழுத்துப் போடுவார்கள் என்று கேட்கிறார். எம்.ஏ. என்றேன். அதுவரை போதும் அவருக்கு. அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் மேன்ஷன்களுக்கும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது விடுமுறை நாட்களில் முன் இருக்கையில் நானும் போவேன், கொரிய ஓட்டல்களின் பலகைகளில் இருந்த வட்டமும் கோடுமான எழுத்துகளை அப்படித்தான் முதலில் பார்த்தேன். வீடு கட்டுகிற படம்போல இருந்தன. அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரிந்த நாளில் முதலில் வாசித்த பலகை, பன்றிக்கறி, மதியம் மட்டும். எவ்வளவு பெருமை அன்று. அவ்வளவு பெருமைப்பட அதில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. நம் ஊரிலேயே நமக்குத் தெரியாமல் இருந்த ஒன்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது ஒன்பதாவது ஸ்லைடு. பேராசிரியர் ஹான் குறிப்பெடுக்கிறார். சிறிய உருவம், ஐம்பது வயது இருக்கலாம், வகுப்பில் எப்போதும் செருப்பை மாற்றிக்கொண்டுதான் நுழைவார். என் முழுப்பெயர் குமுதவல்லி, தோழிகளுக்கு குமுதா, இவருக்கு மட்டும் வல்லி. முதல் வகுப்பிலேயே நுன்ச்சி என்று பலகையில் எழுதி, எதிராளி சொல்லாததையும் அவர் முகத்திலிருந்து எடுத்துக்கொள்வது, இதற்கு உங்கள் மொழியில் சொல் உண்டா என்று கேட்டார். நான் கை தூக்கினேன். நான் வகுப்பில் கை தூக்கிய முதல் தடவை அது. குறிப்பறிதல் என்றேன். அவர் அதைத் தன் எழுத்தில் எழுதி நான்கு முறை சொல்லிப் பார்த்தார். அந்த ஆண்டு முழுக்க நான் அந்தச் சொல்லில்தான் வாழ்ந்தேன். பயிற்சி முடிந்து எழுதிய கட்டுரையும் அதுதான். தொழிலாளியின் சொற்களை அப்படியே கடத்தாமல் கேட்பவரின் பண்பாட்டுக்கு ஏற்ற வடிவத்தில் கடத்தியதால் ஒரு மோதல் எவ்வாறு தவிர்க்கப்பட்டது என்று பதினெட்டுப் பக்கம். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மதிப்பெண். பக்க ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையால் எழுதவில்லை, அவர் யாருக்கும் சிவப்பு மையால் எழுதமாட்டார், பச்சையில் எழுதியிருந்தார், மொழிபெயர்ப்பாளர் இங்கே மனிதராக இருந்திருக்கிறார் என்று. அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அம்மா, “பின்ன வேற எப்படி இருப்ப?” என்றாள்.

அந்தப் பதினெட்டுப் பக்கத்தில் விளக்கு எங்கும் இல்லை. வேண்டுமென்று விட்டேனா? இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பக்கம் ஆறு, சம்பவத்தின் சுருக்கம். தொழிலாளியின் கவனக்குறைவால் என்று தொடங்குகிறது. அதை நான்தான் எழுதினேன். எழுதும்போது எனக்கு அக்கா சொன்னது ஞாபகம் இருந்தது, இருந்தும் அதைச் சேர்த்தால் கட்டுரை வேறு மாதிரி ஆகிவிடும் என்றும் தெரிந்தது, அப்புறம் அதை விளக்கவேண்டும், அப்புறம் நான் செய்தது சரியா என்று ஒரு பகுதி எழுதவேண்டும். அன்று இரண்டாம் தேதி, ஐந்தாம் தேதி சமர்ப்பிக்கவேண்டும், எனக்குக் களைப்பாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். களைப்பாக இருந்தது. எல்லாத் தவறுக்கும் பின்னால் பெரிய கெட்ட எண்ணம் ஏதாவது இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ஆனால் அது வேலை செய்தது, அதையும் சொல்லவேண்டும். மூன் சார் கடிதத்தை நின்றபடியே படித்தார், தலையை ஆட்டினார், இழுப்பறையில் வைத்து மூடினார். பிறகு பொடிக்காப்பி இரண்டு காகிதக் கோப்பையில் கலக்கி ஒன்றை அக்காவிடம் அவரே இரண்டு கையால் நீட்டினார். அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தார். வாங்கிக்கோங்கக்கா என்றேன். வெளியே வந்ததும், “சக்கரய அள்ளிக் கொட்டிருக்கான்” என்றார். அத்தோடு முடிந்தது. அன்று முடிந்தது. பிப்ரவரியில் மூன் சார் ஊருக்கு மாற்றலாகிப் போனார். இழுப்பறையில் இருந்ததெல்லாம் எச்.ஆர். மேனேஜர் பூபாலன் சாருக்குப் போயிற்று. ஏப்ரலில், கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்கும் முறை வேண்டாமென்று நான்காவது லைனில் ஏழு பெண்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து சகாயராணி. ணி பெரிதாக இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அக்டோபர் கடிதம் வெளியே வந்தது, ஒரு ஏஜென்சியில் கொடுத்து இங்கிலீஷில் மாற்றியிருக்கிறார்கள். அந்த ஊரில் அது மேலதிகாரியின் கோபத்தை அணைக்கிற கடிதம். இந்த ஊரில் அது ஒப்புதல் வாக்குமூலம். அந்த ஊரிலும்கூட அது எப்போதும் இழுப்பறையிலேயே கிடக்கும் என்று யார் எனக்கு உறுதி சொன்னார்கள்? பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, பக்கத்தில் தலை குனிந்த ஒரு மனிதனின் கோட்டுப்படம். இரண்டு ஊரும் தெரியும் என்றுதான் எனக்கு அந்த நீலச் சட்டையைக் கொடுத்தார்கள். ஒரு ஊரைப் படித்துவிட்டு, பிறந்த ஊர் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

கைதட்டல். ஃபஹீமா குனிந்து வணங்குகிறாள், தொண்ணூறு பாகை, துப்பட்டா நழுவுகிறது. ஜெரால்டு எழுந்துபோகிறான். மூன்று பதினெட்டு. அவன் வேகமாகப் பேசுவான். நாற்பது நிமிடம் இருக்கிறது, அவனுக்கு இருபத்தைந்து போதும், என் முறை வந்துவிடும். கை குளிர்கிறது. ஏசி எனக்கு நேர்மேலே. நான் முதல் ஸ்லைடில் பாலம் ஒன்றின் படம் போட்டிருக்கிறேன், சூரியன் மறையும்போது ஒரு பாலம், அதன் கீழே பெரிய எழுத்தில் தலைப்பு. போன வாரம் அது அழகாக இருந்தது. கடைசி ஸ்லைடில் முடிவு, நம்பிக்கை மீட்கப்பட்டது. அதை மட்டும் அழித்துவிடலாமா? ஒரு ஸ்லைடை அழித்தால் மற்றதெல்லாம் பொய்யில்லாமல் ஆகிவிடுமா? பூபாலன் சார் ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். அக்கா என் பெயரைச் சொல்லியிருக்கிறார். “குமுதவல்லிம்மா, எப்படி இருக்கீங்க? எக்ஸாமெல்லாம் முடிஞ்சுதா? ஒண்ணுமில்ல, நாளைக்கு இங்க ஒரு சின்ன என்கொயரி. அந்தம்மா உங்களக் கூப்பிட்டா நீங்க வரணும்னு அவசியமில்ல. இது இன்டர்னல். நீங்க ஸ்டூடண்ட்.” நான் சரி சார் என்றேன். ஏன் சரி என்றேன்? யார் எது சொன்னாலும் முதலில் சரி என்று வருகிறது. “ஜூன் ஒண்ணாந்தேதி இங்க டிரான்ஸ்லேட்டரா ஜாயின் பண்றீங்கல்ல? ஆர்டர் என் டேபிள்லதான் இருக்கு. வாழ்த்துகள்.” அவர் மிரட்டவில்லை. ஒரு வார்த்தைகூட மிரட்டல் இல்லை. எதிராளி சொல்லாததையும் எடுத்துக்கொள்ளத்தானே இரண்டு ஆண்டு படித்தேன், எடுத்துக்கொண்டேன்.

அப்பா லாரி நிற்கிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். “என் பொண்ணு பேசலன்னா கொரியாக்காரன் ஒரு போல்ட்டு கூட வாங்க முடியாது.” அதே கம்பெனிக்குத்தான் வாரம் மூன்று நடை தண்ணீர் அடிக்கிறார், மூன்றாவது கேட்டில். ஜூன் ஒன்றாம் தேதி நான் முதல் கேட்டில் நுழையும்போது அவரும் அன்று லோடு போடுவாராம். என் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் நான்கு நாள் நின்றவர். குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று ஒரு தாளில் அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது, எனக்கு அப்போது அது கூச்சமாக இருந்தது, யாரும் படிக்கவில்லை என்பதற்கு ஒரு முத்திரையா என்று. அப்பாவுக்கு அப்படி இல்லை, அதை லேமினேட் செய்தார். நாளைக்கு நான் போனால் அந்த ஆர்டர் மேசையிலேயே இருந்துவிடும். வேறு கம்பெனிகளும் இருக்கின்றன, ஆனால் எச்.ஆர். ஆட்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறதாம், ஜெரால்டு சொன்னான். உண்மையா தெரியாது. பயத்துக்கு உண்மை தேவைப்படுவதில்லை. போகாவிட்டால்? அக்காவுக்கு முப்பத்தாறு வயது. செய்யாறு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் தினம் இரண்டு மணி நேரம் வருகிறார். பையன் ஒன்பதாவது. வேலை போனால் அந்த வயதில் லைனில் எடுக்கமாட்டார்கள், இருபது வயதுப் பெண்களைத்தான் எடுப்பார்கள். இது எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஏதோ நிறுத்துப் பார்க்கிற மாதிரி, அப்படி நிறுத்துப் பார்ப்பதே அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் பார்க்கிறேன்.

நாளை அங்கே போனால் என்ன சொல்வேன் என்று ஒத்திகை பார்க்கிறேன். நீளமான மேசை. பூபாலன் சார், ஒரு வக்கீல், புதிய பூஜாங். கடிதத்தை எழுதியது நான். சரி, கையெழுத்து யாருடையது? அவருடையது. கட்டாயப்படுத்தினீர்களா? இல்லை. விளக்கு பற்றி உங்களிடம் சொன்னாரா? சொன்னார். ஏன் எழுதவில்லை? அந்த இடத்தில் என் வாய் கொரிய மொழிக்குப் போய்விடுகிறது, என் குறையினால், மிகவும் வருந்துகிறேன், என்று அந்தக் கடிதத்தின் சொற்களே எனக்கும் வருகின்றன. தமிழில் ஒன்றும் வரமாட்டேனென்கிறது. யாரோ என்னைப் பார்க்கிறார்கள். பேராசிரியர். உடம்பு சரியில்லையா என்று புருவத்தால் கேட்கிறார். ஒன்றுமில்லை என்று தலையசைக்கிறேன். ஜெரால்டு ஆண்களின் மன்னிப்பு பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், அவன் எடுத்த நாற்பது உரையாடலில் ஆண்கள் ஆறு முறைதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், அதில் நான்கு நாயிடம். வகுப்பு வெடிக்கிறது. “நாய் மூத்ததா இளையதா?” என்று ஃபஹீமா கத்துகிறாள். பேராசிரியர் அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு, நல்ல கேள்வி, வயது முக்கியம் என்கிறார். மறுபடி சிரிப்பு. கேள்விக்கு மேல் கேள்வி, மூன்று நாற்பது, மூன்று ஐம்பது. எழுந்திருக்கவேண்டிய நேரத்தில் நான் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒன்றுக்குள் ஒன்றாக.

மூன்று ஐம்பத்தேழுக்குப் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐயோ என்பதுபோல் ஒரு ஒலி எழுப்பினார். வல்லி, உங்களுக்கு நேரமில்லாமல் செய்துவிட்டோம், மிகவும் வருந்துகிறேன். அடுத்த வாரம் உங்களோடு தொடங்குவோம். உண்மையில் இது நல்லதுதான், இந்த ஆண்டின் சிறந்த கட்டுரை, அவசரமாகக் கேட்கக்கூடாது. அடுத்த வாரம் முதலாமாண்டு மாணவர்களையும் உட்கார வைக்கிறேன். நான் எழுந்து வணங்கி, நன்றி என்றேன். அந்த நன்றி சுத்தமாக, சரியான தாழ்ச்சியோடு வந்தது. முதுகிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது, அந்தச் சுகம் படிக்கட்டு வரை என்னோடு வந்தது. பிறகுதான் அடுத்த வாரம் என்ற சொல்லைக் கேட்டேன். அடுத்த வாரம் சகாயராணி அக்கா வேலையில் இருக்கமாட்டார். அப்போதும் இது இந்த ஆண்டின் சிறந்த கட்டுரையாகத்தான் இருக்கும். முதலாமாண்டுப் பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. அதில் ஒரு எழுத்துகூட மாறாது. அதை நினைத்ததும் எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை, மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இறங்கிப் போகிறவர்கள் என் பையைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். தைரியம் வரட்டும் என்று பார்த்தேன். வரவில்லை. வராமலே அழைத்தேன்.

நான்காவது மணியில் எடுத்தார். “யாரு, மேடமா? சொல்லு.” அக்கா, காலையிலயே கேட்டேன், பதில் போடல என்றேன். “அது தெரியும், மைக்கு நீலமா ஆயிடுச்சே.” அவரே, “உனக்குப் பரிச்ச கிரிச்ச இருந்தா வேணாம். நான் சும்மா கேட்டுப் பாத்தேன். நீயும் அங்கதான வேலைக்கு வரப்போற, பூபாலன் சொன்னான்” என்றார். கதவைத் திறந்துவைத்துவிட்டார், போ என்று. நான் அதை நன்றாகவே பார்த்தேன். பரிச்சை இல்லக்கா, வரேன், நான்தான் எழுதினேன்னு சொல்றேன், வெளக்கு விஷயத்தையும் நான்தான் விட்டேன்னு சொல்றேன். “சரி” என்றார். நன்றி என்று சொல்லவில்லை. “காலையில பத்து மணிக்கு கேட்டாண்ட நில்லு. செக்யூரிட்டி உன்ன விடமாட்டான். நான் ஆளு கூட்டியாந்து உள்ள இட்டுக்கினு போறேன்.” சரிக்கா. “இரு, வச்சிராத. அதுல இன்னா எழுதிருக்க?” எதுலக்கா? “அந்த லெட்டருலதான். நாளைக்கு அத வச்சித்தான கேப்பாங்க. நான் இன்னா எழுதிக் குடுத்தேன்னு எனக்கே தெரியாது. நீ அன்னிக்கி படிச்சிக் காட்டலையே.”

படிக்கட்டில் யாரும் இல்லை. நான் படித்துக் காட்டவில்லை. அது எனக்கு இந்த ஏழு மாதத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. போனிலேயே கடிதத்தின் படம் இருந்தது, கட்டுரையின் பின்னிணைப்பு இரண்டு. இப்பப் படிக்கட்டுமாக்கா என்றேன். “படி.” கொரிய வரிகளைப் பார்த்துத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். சகாயராணி ஆகிய நான், அக்டோபர் பதினேழாம் தேதி என்னுடைய கவனக்குறைவால் நிறுவனத்துக்குப் பெரிய நட்டம் உண்டாக்கினேன். இதற்கு வேறு எதுவும் காரணம் இல்லை. “வேற காரணமே இல்லன்னா எழுதின?” ஆமாக்கா. “ம்.” என்னுடைய அறியாமையும் பொறுப்பின்மையுமே காரணம். “பொறுப்பின்ம.” அந்தச் சொல்லை மட்டும் திரும்பச் சொன்னார், புதுத் துணியைத் தடவிப் பார்க்கிறவர்போல. மேலே படித்தேன். என்னை நம்பி வேலை கொடுத்தவர்களின் முகத்தைப் பார்க்கவும் எனக்குத் தகுதியில்லை. இனி இப்படி நேர்ந்தால் எந்தத் தண்டனையையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். “மகிழ்ச்சியோடவா?” என்று கேட்டார். அது அவங்க எழுதற முறைக்கா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. நான் எழுதினதுக்கா என்றேன். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன், காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. “மிச்சத்தயும் படி” என்றார்.